கயாக்கைக் கார் மேல் ஏற்றுவது: காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

கயாக் (உட்கார்ந்து துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு) வாங்குகிறவர்களில் பாதிப் பேர், அதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கடை வாசலில் நிற்கும்போதுதான் யோசிக்கிறார்கள். நானும் அப்படி நின்றவன்தான். டொரண்டோ பக்கம் இருக்கிறேன். கோடையில் சனிக்கிழமை விடிந்தால் பிக்கரிங்கில் இருக்கும் ஃபிரெஞ்ச்மன்ஸ் பே வரைக்கும் போய்வர ஆசை. கையில் 10 அடி பிளாஸ்டிக் கயாக், எடை 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கார் சின்ன செடான், கூரையில் கம்பி எதுவும் கிடையாது. கடையில் விற்கும் ஏற்றிகள் சிலவற்றின் விலை, ஒரு பழைய கயாக்கின் விலையையே தாண்டுகிறது. அதனால் வீட்டில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்கப் பழகிக்கொண்டேன்.

இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஏற்றுகிற வேலையில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். பழைய பாய், குழாய்த் துண்டு, நுரை எல்லாம் போதும். கட்டுகிற வேலையில் மட்டும் பத்து டாலர்கூட மிச்சம் பிடிக்கக் கூடாது. நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வதால் வருபவை.

முதலில் ஏற்றுவது. தனியாக இருப்பவர்கள் முழுக் கயாக்கையும் தலைக்கு மேல் தூக்கிக் கூரையில் வைக்கப் பார்க்கிறார்கள். முதுகு பிடிப்பதும் கார்க் கதவில் கோடு விழுவதும் அப்போதுதான். கயாக்கை ஒருபோதும் முழுசாகத் தூக்க வேண்டியதில்லை. மூக்கைக் கூரையின் பின் விளிம்பில் சாய்த்துவிட்டு, பின்னால் போய் வாலைத் தூக்கி முன்னால் தள்ளினால் போதும். எந்த நேரத்திலும் உங்கள் கையில் இருப்பது பாதி எடைதான். குளியலறையில் போடும், அடியில் ரப்பர் ஒட்டிய துணிப் பாயைப் பின் கண்ணாடிக்கு மேல் கூரை விளிம்பில் விரியுங்கள். ரப்பர் பக்கம் கார் மேல், துணிப் பக்கம் மேலே. பாய் நகராது, கயாக் வழுக்கிக்கொண்டு போகும். பலர் விடும் தவறு, பாயைத் தட்டாமல் விரிப்பது. கடற்கரை மணல் நாலு துகள் அடியில் இருந்தால் பெயின்ட்டுக்கு உப்புத்தாள் போட்ட மாதிரிதான். கூரையின் பின்பக்கம் சுறா மீனின் துடுப்பு மாதிரி ஆன்டெனா இருக்கும் காரிலும், பின்னால் ஸ்பாய்லர் என்கிற பிளாஸ்டிக் இறக்கை வைத்த காரிலும் இந்த வழி வேண்டாம். அந்த ஸ்பாய்லர் பாரம் தாங்கச் செய்ததில்லை.

அப்படிப்பட்ட கார்களுக்குப் பக்கவாட்டில் ஏற்றுவது நல்லது. கூரையில் உள்ளீடற்ற குறுக்குக் கம்பி இருந்தால், அதற்குள் நுழைகிற மாதிரி ஓர் இரும்புக் குழாயைச் செருகி, இரண்டு அடி வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். கயாக்கின் மூக்கை அதில் சாய்த்து, வாலைப் பின் கம்பி மேல் தூக்கி வைத்து, பிறகு மூக்கையும் கம்பி மேல் நகர்த்திவிட்டுக் குழாயை உருவிவிடலாம். வெளியே நீட்டுகிற நீளத்துக்குக் குறையாமல் உள்ளேயும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாரம் ஏறியதும் குழாய் சட்டென்று சாயும். சிலர் இதற்கு பிவிசி குழாயை எடுத்துக்கொள்கிறார்கள். அது பாரத்தில் வளையும், பல நாள் வெயிலில் கிடந்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஏணியைச் சாய்த்து அதன் மேல் இழுத்து ஏற்றுகிறவர்களும் உண்டு. ஏணியின் காலை ஒருவர் பிடித்துக்கொண்டால் சரி, தனி ஆளுக்கு வேண்டாம்.

குறுக்குக் கம்பி இல்லாத கூரையில் நேராக நுரையை வைத்துக் கயாக்கை ஏற்றலாம். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் வைத்து விளையாடும் பூல் நூடுல் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அது இரண்டு மணி நேர அழுத்தத்தில் சப்பையாகிவிடும். அடர்த்தியான நுரைக் கட்டைகள் கொஞ்சம் கூடுதல் விலை, பல வருடம் உழைக்கும். எதை வைத்தாலும் கூரையின் நட்டநடுவில் பாரம் இறங்கக் கூடாது. அங்கே தகடு மெல்லிசு. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் டொக்கென்று குழிந்து எழும். கதவுக்கு மேலே இருக்கும் ஓரம்தான் பலமானது. கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே காற்று அடைத்து மீன்பிடிக்க விற்கும் சின்னக் கயாக்குகள் பரவாயில்லை. கெட்டிப் பிளாஸ்டிக்கில் வரும் மீன்பிடிக் கயாக் ஒன்றே சிலசமயம் 40 கிலோவைத் தாண்டும் என்பதால் இரண்டை ஏற்றும்முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

கம்பி இல்லாத காரில் கயாக்கைக் கட்டும் பட்டையைக் காருக்குள் விட்டுச் சுற்ற வேண்டிவரும். கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்கூரையை ஒட்டிப் பட்டையை விட்டுச் சுற்றுங்கள். ஜன்னல் வழியாக விட்டுக் கட்டினால் எந்தக் கதவும் திறக்காது, ஜன்னலுக்குள் புகுந்துதான் வண்டி ஓட்ட வேண்டும். மழை பெய்தால் பட்டை வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கும், ஒரு பழைய துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கட்டுவது. வீட்டில் கிடந்த மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கயிற்றால் முதல் நாள் கட்டினேன். கயாக் நடுவே இரண்டு சுற்று, மூக்குக்குக் கயிறே இல்லை. 401 நெடுஞ்சாலையில் ஏறிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். முன்கண்ணாடியின் மேல் விளிம்பில், நட்டநடுவே தெரிந்துகொண்டிருந்த கயாக்கின் மூக்கு இடப்பக்கமாக நகர்ந்திருந்தது. அடுத்த வழியில் இறங்கி ஓரம் கட்டிப் பார்த்தேன். முடிச்சு கல் மாதிரி இருக்கிறது, ஆனால் கயிற்றுக்கும் கயாக்குக்கும் நடுவில் என் முஷ்டி நுழைகிறது. முடிச்சு அவிழவில்லை, நுரை அமுங்கிவிட்டது, கயிறு நீண்டுவிட்டது. பின்னால் வந்த வண்டிகளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று கயாக்கை எவ்வளவு தள்ளுமோ, 100ல் அதைப்போல நாலு மடங்கு தள்ளும். வீட்டுத் தெருவில் அசைத்துப் பார்த்து அசையவில்லை என்பது நெடுஞ்சாலைக்குச் சாட்சி ஆகாது. எலாஸ்டிக் கொக்கிக் கயிறு எதற்குமே உதவாது, நீள்வதுதான் அதன் வேலை. நைலான் கயிறு நனைந்தால் தளரும். பாலியஸ்டர் பட்டையும், அமுக்கினால் விட்டுக்கொடுத்து, கையை எடுத்தால் பல் கடித்துப் பிடிக்கிற சாதாரண கேம் பக்கிளும்தான் சரி. லாரிக்காரர்கள் பயன்படுத்தும் நெம்பி இறுக்குகிற ரேட்செட் பட்டை இன்னும் பலமாயிற்றே என்று தோன்றும். அதன் பலம்தான் ஆபத்து. இரண்டு நெம்பு கூடிப்போனால் பிளாஸ்டிக் உடல் குழிந்துவிடும், ஃபைபர் கண்ணாடிக் கயாக் என்றால் விரிசலே விடும். கை பலத்தால் இழுத்து இறுக்குவது போதும். பக்கிள் கண்ணாடியில் மோதாமல் ஒரு பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள்.

பட்டையை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். கயாக் இரு முனையிலும் கூம்பும். குறுக்குக் கம்பிக்கு வெளிப்பக்கம், கூம்புகிற இடத்தில் கட்டினால் பட்டை மெல்ல முனையை நோக்கி வழுக்கித் தளரும். கம்பிகளுக்கு உட்பக்கம், அகலமான இடத்தில் கட்டுங்கள். உள்ளே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கைக் கவிழ்த்து வைப்பது நல்லது. அதன் விளிம்பு கெட்டியானது. அடிப்பக்கம் கீழே இருக்க வெயிலில் பல மணி நேரம் கட்டிக் கிடந்தால் அந்த இடம் உள்வாங்கிவிடும். கவிழ்த்து வைத்தால் மழைத் தண்ணீரும் தேங்காது.

மூக்குக் கயிறு இல்லாமல் நெடுஞ்சாலை ஏறவே கூடாது. எதில் கட்டுவது என்பதுதான் கேள்வி. பிளாஸ்டிக் பம்பரில் கட்டினால் பம்பர் கையோடு வந்துவிடும். பானெட்டைத் திறந்தால் இரு ஓரத்திலும் மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும். பட்டைத் துண்டை மடித்து, சூடான ஆணியால் துளை போட்டு, வாஷர் வைத்து அந்த போல்ட்டில் மாட்டினால் இரண்டு வளையம் கிடைக்கும். பானெட்டை மூடினால் வளையம் மட்டும் வெளியே நிற்கும், வேண்டாதபோது உள்ளே தள்ளிவிடலாம். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மூக்கிலிருந்து இரண்டு வளையத்துக்கும் ஒவ்வொரு கயிறு இறக்குங்கள். நம் ஊரில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு இங்கே அப்படியே பொருந்தும்: கயிற்றின் நடுவில் ஒரு சுருக்கு, நுனியைக் கீழ் வளையத்தில் விட்டு மேலே கொண்டுவந்து சுருக்குக்குள் நுழைத்துக் கீழே இழுப்பது. கப்பி மாதிரி இழுவை பெருகும். மீதிக் கயிற்றைத் தொங்கவிடாதீர்கள். தொங்குகிற நுனி டயருக்கு அடியில் போனால் கயாக்கையே முறித்து இழுத்துவிடும்.

கிளம்பி 10 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். பட்டை ஹூம்மென்று பாடினால் அதற்கு ஒரு முறுக்கு கொடுங்கள், நின்றுவிடும். கயாக்கின் வால் காரைத் தாண்டி 1.5 மீட்டரோ அதற்கு மேலோ நீண்டால் ஒன்டாரியோவில் பகலில் சிவப்புக் கொடி, இருட்டில் சிவப்பு விளக்கு கட்டாயம்.

திரும்பி வரும்போது உடம்பு அலுத்திருக்கும், அப்போதுதான் அவசரம் வரும். முதலில் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். ஒரு லிட்டர் மிஞ்சினாலும் ஒரு கிலோ, அதுவும் தூக்கும்போது ஒரு பக்கமாக ஓடுகிற கிலோ. ஒட்டிய பாசியையும் செடியையும் துடைத்துவிடுங்கள். அயல் உயிரினங்கள் ஏரிக்கு ஏரி பரவாமல் இருக்க 2022 ஜனவரி முதல் இங்கே அது சட்டமும் கூட. வீட்டில் இறக்கும்போது மூக்குக் கயிறு முதலில், நடுப்பட்டைகள் கடைசியில். இரண்டு பட்டையையும் கழற்றிப்போட்டுவிட்டுக் கதவைத் திறக்க உள்ளே போகாதீர்கள், பலமாக ஒரு காற்று வீசினால் கயாக் பக்கத்து வீட்டுக்காரரின் கார் மேல் கிடக்கும். ஈரப் பட்டையை அன்றைக்கே கொடியில் காயப்போடுங்கள். பக்கிளின் பல்லில் மணல் இருந்தால் குழாயடியில் காட்டி அலசிவிடுங்கள்.