பழைய தாளைத் திருத்தாதீர்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச்சில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக அந்நாட்டு அரசு ‘ஃப்ரீட்மென்ஸ் பியூரோ’ என்ற துறையைத் தொடங்கியது. 1872 வரை அத்துறை எழுதிக் குவித்த உணவுப் பங்கீட்டுப் பட்டியல்கள், கூலி ஒப்பந்தங்கள், புகார்க் கடிதங்கள் ஆகியவற்றை அமெரிக்காவின் அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்துத் தட்டச்சு செய்து தரலாம். சிக்கல் என்னவென்றால், ஆர்வம் மிகுந்தவர்களே தாளைக் கெடுக்கவும் செய்கிறார்கள்.

பெரிய தவறு, பிழை திருத்துவது. ஒரே ஆளின் பெயரை எழுத்தர் இரண்டு பக்கங்களில் இரண்டு விதமாக எழுதியிருப்பார். காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். அதைச் ‘சரியான’ வடிவத்துக்கு மாற்றாதீர்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் போன்ற விவரங்களே இருக்கும்; அடிமையின் பெயர் அநேகமாக இராது. விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயருடன் எண்ணப்பட்டது 1870இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் முன்னோரைத் தேடுகிறவருக்கு இந்தத் தாள்களே பிடிமானம். நீங்கள் அழித்த எழுத்துக்கூட்டல்தான் அவர் தேடி வந்ததாக இருக்கலாம்.

ஒப்பந்தத்தின் அடியில், முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி இருக்கும். பேனாக் கீறல் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவதே குற்றமாக இருந்தது. எழுதத் தெரியாதவர் இட்ட கையொப்பம் அது. அதையும் பதியுங்கள்.

இழிசொற்களை மழுப்புவதும் கூடாது. மனம் கூசும், கூசட்டும். எழுதியவரின் யோக்கியதைக்கு அதுவே சாட்சி.

அக்கால ஆங்கிலக் கையெழுத்தில் இரட்டை ‘எஸ்’ வரும் இடத்தில் முதல் எழுத்து ‘எஃப்’ போல நீண்டிருக்கும். மிசிசிப்பி என்ற மாநிலப் பெயரே அடையாளம் தெரியாமல் போகும். புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல், திட்டத்தின் விதிப்படி கேள்விக்குறி இடுங்கள். சரிபார்க்க வருபவர் கண்ணில் அது படும். உறுதியாகத் தட்டச்சு செய்த ஊகம் படாது.

அடிமைத்தளையிலிருந்து தப்பி, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃப்ரெடரிக் டக்ளஸ், தன் பிறந்தநாள் தெரியாததால் பிப்ரவரி 14ஐத் தானே தேர்ந்துகொண்டார். ஆண்டுதோறும் அந்த நாளில் கூட்டமாக அமர்ந்து ஆவணங்களைப் படியெடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டத்தில் பக்கக் கணக்குப் போட்டி வந்துவிட்டால் வேலை கெட்டது. முதல் வரியிலேயே தட்டச்சைத் தொடங்காமல், அதே கையெழுத்தில் உள்ள நாலைந்து பக்கங்களை வெறுமனே படித்துப் பாருங்கள்; அந்த எழுத்தர் ‘என்’னையும் ‘யூ’வையும் எப்படிப் பிரிக்கிறார் என்பது பிடிபட்ட பிறகு எழுதலாம்.