பால் காய்ச்சுவதற்கு முன்னால்: வேலை முடியாத வாடகை வீட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆனி மாதக் கடைசி. மேடவாக்கத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் முதல் மாடியைப் பார்க்கப் போனோம். சுவரில் பட்டி பார்த்திருந்தார்கள், பெயின்ட் அடிக்கவில்லை. பாத்ரூமுக்கு நிலை இருந்தது, கதவு இல்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. படியோரமாக இரண்டு சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டிவிட்டிருந்தார்கள்.

"ஆடி பொறந்துட்டா நீங்களும் குடி வர மாட்டீங்க, வேற யாரும் வர மாட்டாங்கம்மா. இந்த வெள்ளிக்கிழமை பாலைக் காய்ச்சிடுங்க. மிச்ச வேலையைப் பத்து நாள்ல முடிச்சுக் கொடுத்துடறேன்" என்றார் ஹவுஸ் ஓனர்.

பழைய வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடி எங்களுக்கு. 75,000 ரூபாய் அட்வான்ஸை மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் பால் காய்ச்சினோம். பாத்ரூம் கதவு புரட்டாசியில் வந்தது. படிக்கட்டுக் கைப்பிடி தை மாதம் வந்தது. அப்போது என் மகனுக்கு ஒன்றரை வயது. அந்த ஆறு மாதமும் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் நான் அடுப்படிக்குப் போனதில்லை.

அதற்குப் பிறகு என் தங்கை, உடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் என்று மூன்று குடும்பங்களுக்கு வீடு பார்க்கக் கூடப் போயிருக்கிறேன். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை ஏன் நின்றுபோகிறது

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தில் ஓனர் கையில் பெரும்பாலும் பணம் இருக்காது. டைல்ஸ் கடைக்கும் கம்பிக் கடைக்கும் பாக்கி இருக்கும். நாம் கொடுக்கிற அட்வான்ஸ் நேராக அங்கேதான் போகும். நாம் குடி வந்ததும் வாடகை வர ஆரம்பித்துவிடும், மேஸ்திரியும் ஆசாரியும் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டு மணி நேர வேலைக்காக அவர்களைத் திரும்பக் கூப்பிட்டால் லேசில் வர மாட்டார்கள். எங்கள் ஓனர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அட்வான்ஸ் கைக்குப் போன பிறகு வேலையை முடிக்க அவருக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

அதனால் அட்வான்ஸை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பேசி முடித்ததும் ஒரு பகுதி, சாவி வாங்கும்போது ஒரு பகுதி, மிச்சம் வேலை முடிந்த அன்று. என் தங்கை 60,000 ரூபாயில் 25,000-ஐ இப்படி நிறுத்தி வைத்தாள். எட்டாவது நாள் ஜன்னல் கிரில் வந்து இறங்கியது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகியவர்கள் இருக்கிறார்கள். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். இதைச் சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். பேச்சோடு பேச்சாகச் சொன்னாலே தொகை கொஞ்சம் இறங்கும்.

பார்க்கப் போகும்போது ஒரு வாளி கேளுங்கள்

வீடு பார்க்கப் பகலில் போங்கள், கூடவே போன் சார்ஜர் ஒன்றை எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் அதைச் செருகிப் பார்க்க வேண்டும். புது வீட்டில் பாதி ஸ்விட்ச் பாக்ஸுக்கு மூடி மட்டும் போட்டிருப்பார்கள், உள்ளே ஒயர் வந்திருக்காது.

பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரை வாசல் பக்கமிருந்து ஊற்றுங்கள். தண்ணீர் தானாகச் சல்லடை மூடிக்குப் போய்ச் சேர்ந்தால் வாட்டம் சரி. மூலையில் தேங்கி நின்றாலோ ஹால் பக்கம் திரும்பி வந்தாலோ டைல்ஸை எடுத்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும். குடி போன பிறகு அந்த வேலையை எந்த ஓனரும் செய்து தர மாட்டார். எங்கள் வீட்டில் தண்ணீர் வாஷிங் மெஷின் வைக்கிற மூலைக்கு ஓடியது. காலி செய்கிற வரை தினமும் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டுதான் இருந்தோம். பால்கனியிலும் இதேபோல ஊற்றிப் பாருங்கள்.

கரண்ட் விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா, அதில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் டக்கென்று விழுகிறதா என்று பார்க்க வேண்டும். குடி போய் மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம், என் மாமியார் ஈரக் கையோடு பாத்ரூம் குழாயைத் திறந்தார். "சுருக்குனு இழுக்குதும்மா" என்றார். எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் நேராக வாசலுக்குப் போய் எர்த் குழியைத் தேடினார். குழி இருந்தது, அதில் பைப்பும் இறக்கியிருந்தது. ஆனால் மேலேயிருந்து வந்த பச்சை ஒயர் அந்தப் பைப்பில் முடியப்படாமல், சுவரோரமாகச் சுருட்டி, ஒரு சிமென்ட் மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. மூன்று வாரமாக எர்த்தே இல்லாமல் ஹீட்டர் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கிறோம். அவர் ஒயரை முடிந்துவிட்டு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மின் இணைப்பு வீட்டு இணைப்பா, கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பா என்று பில்லை வாங்கிப் பாருங்கள். தற்காலிக இணைப்புக்குக் கட்டணம் அதிகம். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டும் அதில் கிடையாது. எங்களிடம் யூனிட்டுக்கு 12 ரூபாய் கேட்டார்கள், காரணம் இதுதான். இணைப்பு மாறும் வரை அந்த வித்தியாசத்தை ஓனர் ஏற்கிறாரா என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

சம்ப்புக்கு (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு) மூடி, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர், படிக்குக் கைப்பிடி, எர்த், பாத்ரூம் கதவு. குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீடு என்றால் இந்த ஐந்தும் முடியாமல் பால் காய்ச்சாதீர்கள். பெயின்ட், லாஃப்ட் கதவு, கொசுவலை எல்லாம் பின்னால் வரலாம். ஆடி வந்தால் வரட்டும், ஆவணியில் போய்க்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய வரிகள்

புரோக்கர் கொண்டுவருகிற அச்சடித்த ஒப்பந்தத்தில் "வீடு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். வேலை முடியாத வீட்டுக்கு அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு நம் பேச்சு எடுபடாது. அதை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"கீழ்க்கண்ட வேலைகள் ஒப்பந்தத் தேதியில் முடியவில்லை. இவற்றை உரிமையாளர் தன் செலவில் இன்ன தேதிக்குள் முடித்துத் தருவார். அதுவரை மாத வாடகை 15,000-க்குப் பதிலாக 11,000 ரூபாய். அட்வான்ஸில் 25,000 ரூபாய் வேலை முடிந்த பிறகு தரப்படும்."

கீழே ஒவ்வொரு வேலையும் தனி வரியில் வர வேண்டும். "மரவேலை பாக்கி" என்று எழுதினால் போதாது. "பொதுக் குளியலறைக்கு பிவிசி கதவு, தாழ்ப்பாளுடன்" என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதினோரு மாத ஒப்பந்தம்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் முறையிடப் போகும்போது முதலில் கேட்பது அந்தப் பதிவு எண்ணைத்தான்.

ஏற்கெனவே குடி போய்விட்டீர்களா?

சரி, இன்றைக்கே ஆரம்பியுங்கள். அறை அறையாக போனில் வீடியோ எடுங்கள். பேசிக்கொண்டே எடுங்கள்: "இது சமையலறை, சிங்க்குக்குக் கீழே பைப் மாட்டவில்லை." அதே நாளில் ஓனருக்கு வாட்ஸாப்பில் எழுதுங்கள். போனில் பேசினாலும், பேசி முடித்ததும் பேசியதை எழுதி அனுப்புங்கள். நான் அனுப்பியது இப்படி இருந்தது:

"வணக்கம் சார். இன்று காலை போனில் பேசியபடி பாத்ரூம் கதவும் படிக்கட்டுக் கைப்பிடியும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டுத் தருவதாகச் சொன்னீர்கள். ஆசாரி எத்தனை மணிக்கு வருவார் என்று சொன்னால் நான் வீட்டில் இருப்பேன். படம் அனுப்பியிருக்கிறேன்."

கோபம் இல்லை, குத்தல் இல்லை. தேதி இருக்கிறது, வேலை இருக்கிறது. நீலக் குறி விழுந்தால் அவர் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டு தேதி தவறினால் இதையே ஒரு தாளில் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தபால்காரர் கையெழுத்து வாங்கிப் போனதும் பல ஓனர்களின் குரல் மாறும்.

எது யார் செலவு என்பதில் குழம்ப வேண்டாம். சுவருக்கு வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், பூட்டு போன்ற சின்ன ரிப்பேர்கள் குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் ரிப்பேர் என்றால் இருந்தது கெட்டுப்போவது. போடவே போடாத ஸ்விட்சை உங்கள் தலையில் கட்டினால், "சார், இது மாத்தறது இல்ல, புதுசா போடறது" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

நாமே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாமா? கழிக்கலாம், ஆனால் முறையாக. முதலில் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், நியாயமான அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு கடையில் விலை வாங்கி அவருக்கு அனுப்புங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது. பாத்ரூம் கதவை கடைசியில் நாங்கள்தான் போட்டோம். கதவும் கூலியும் சேர்த்து 3,600 ரூபாய் ஆனது. இரண்டு மாதத்தில் 1,800, 1,800 என்று கழித்தோம். அவர் முணுமுணுத்தார், ஆனால் மறுக்கவில்லை.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். எவ்வளவு கோபம் வந்தாலும் சரி. இரண்டு மாத பாக்கி விழுந்தால் உங்களைக் காலி செய்யச் சொல்ல அவருக்கே சட்டப்படி காரணம் கிடைத்துவிடும், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயமெல்லாம் பின்னால் போய்விடும். வங்கி வழியாகவே அனுப்புங்கள், எந்த மாத வாடகை என்று குறிப்பில் எழுதுங்கள்.

வேலையாட்கள் வருவதும் ஒரு தலைவலிதான். எங்கள் வீட்டில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, நான் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, டைல்ஸ் வெட்டுகிற மெஷினோடு நான்கு பேர் வந்து நின்றார்கள். 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று அதற்குப் பிறகு ஓனருக்கு எழுதி அனுப்பினேன். டைல்ஸ் வெட்டும் நாளில் அறைக் கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துணியைத் திணித்து வையுங்கள். முடிந்தால் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுங்கள். அந்தத் தூசி மூன்று நாள் அடங்காது.

எதற்கும் அசையவில்லை என்றால்

வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி அவர். ஒப்பந்தம், பதிவு எண், படங்கள், அனுப்பிய கடிதம், வாடகை கட்டிய விவரம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். நீங்கள் கேட்பதால் கோபித்துக்கொண்டு தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் உடனே போங்கள். அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது, திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்க வழி இருக்கிறது. வக்கீலுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் அது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. கைப்பிடி வந்த பிறகு இன்னும் எட்டு மாதம் இருந்துவிட்டுக் காலி செய்தோம். காலி செய்யும் நாளில், குடி வந்தபோது எடுத்த வீடியோவை ஓனரிடம் காட்டினேன். "பெயின்ட் அடிக்கிற செலவைப் பிடிச்சுக்கறேன்" என்று ஆரம்பித்தவர், வெறும் பட்டிச் சுவரைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்துக்கொண்டு, சாவி பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிய பிறகே சாவியைக் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் வந்துவிட வேண்டும் என்று அதே தாளில் தேதியையும் போட்டிருந்தோம். இருபத்தாறாவது நாள் 75,000 ரூபாயும் கணக்கில் விழுந்தது.