சிறுவர் கதையில் அம்மாவை உயிரோடு வைத்திருப்பது எப்படி?

சிறுவர்களுக்காக நான் எழுதிய முதல் கதையின் இரண்டாவது வாக்கியத்திலேயே கதைநாயகியின் அம்மா இறந்துபோனாள். என்ன நோய், எப்போது, அந்தக் குழந்தை அழுததா என்பதற்கெல்லாம் ஒரு வரிகூட இல்லை. அடுத்த பத்தியில் அவள் படகேறிப் புறப்பட்டுவிட்டாள். பிற்பாடு மற்றவர்களின் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை வாய்த்தபோதுதான் இது என் ஒருத்தியின் குற்றமல்ல என்று தெரிந்தது. காய்ச்சல், வெள்ளம், விபத்து, பெயர் சொல்லப்படாத ஏதோ ஒரு நோய் என்று, முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் அம்மாக்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களை அப்படி அவசரமாக அனுப்பிவைக்காமல் கதையை நடத்துவதற்கும், அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அதைப் பொறுப்போடு செய்வதற்கும் உரிய சில வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, உங்கள் கதையில் அம்மா ஏன் இல்லை என்பதைக் கண்டுபிடிப்பது. பழைய கதைகளுக்கு ஒரு நியாயம் இருந்தது. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவியாக இருந்த காலத்தில் அவை உருவாயின. மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கையைக் கழுவிவிட்டு வந்தால் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் சாவது வெகுவாகக் குறைகிறது என்று வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காட்டியதே 1847இல்தான். அதையும் அவர் காலத்து மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. பெற்றவள் இறப்பதும், தந்தை மறுமணம் செய்வதும், வந்தவளின் பிள்ளைகளுக்கும் இருந்த பிள்ளைகளுக்கும் சொத்திலும் சோற்றிலும் போட்டி எழுவதும் கதை கேட்டவர்களின் வீட்டு நடப்பாகவே இருந்தன.

இரண்டாவது காரணம் அவ்வளவு நேர்மையானதல்ல. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் தொகுப்பில், ஸ்னோ ஒயிட்டின் அழகைப் பொறுக்காமல் அவளைக் கொல்லச் சொல்பவள் அவளைப் பெற்ற தாயே. 1819இல் வந்த அடுத்த பதிப்பில் பெற்றவள் பிரசவத்தோடு இறந்துவிடுகிறாள். பொறாமை முழுவதும் மாற்றாந்தாயின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொன்ன அம்மாவும் 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். தாய் கெட்டவளாக இருப்பதைவிடச் செத்தவளாக இருப்பது மேல் என்று தீர்மானித்தாற்போல் இருக்கிறது. தாய்மையைப் புனிதமாக்கும் முயற்சியில் முதல் பலி தாயேதான்.

இன்றைக்கு எழுதுகிறவர்களிடம் வேலை செய்வது பெரும்பாலும் மூன்றாவது காரணம்: வசதி. வீட்டில் காப்பாற்ற ஆள் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து வராது, ஆபத்து வராவிட்டால் கதை நகராது. ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் மாயக் கதைகளை ஆராய்ந்து அவற்றின் நிகழ்வுகளை 31 வகைகளாகப் பிரித்தபோது, பட்டியலின் தொடக்கத்தில் வைத்தது குடும்பத்தில் ஒருவர் வீட்டை விட்டு வெளியே செல்வதைத்தான். பெற்றோரின் சாவை அவர் அதன் கடுமையான வடிவமாகவே கணக்கில் கொள்கிறார். இதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும், ஏனெனில் கதைக்குத் தேவைப்படுவது பெரியவர் ஒருவர் சற்று நேரம் கண்மறைவாக இருப்பதுதான், சாவு அன்று.

ஆகவே, அம்மா இறந்ததாகச் சொல்லும் வாக்கியத்தை அடித்துவிட்டுக் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் கதை இடறுகிறதோ அந்த இடத்தை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். “அம்மா இருந்திருந்தால் இவளை இரவில் தனியாக விட்டிருக்க மாட்டாளே” என்று ஓரிடத்திலோ இரண்டிடங்களிலோ தோன்றும். அதற்கு மேல் தோன்றுவது அரிது. ஒரே ஓர் இரவைக் காலியாக்குவதற்காக ஒருத்தியைச் சாகடிப்பது அதிக விலை. பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயலின் கதையில் (1902) தாய் செய்வதெல்லாம், அந்தத் தோட்டத்துக்குள் மட்டும் போகாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுக் கூடையும் குடையுமாகக் கடைக்குப் போவதுதான். அந்தச் சிறிய இடைவெளி பீட்டருக்குப் போதும். கதைக்கும் போதுமானதாக இருந்தது.

சாவுக்குப் பதிலாக அம்மாவுக்கு ஓர் எல்லையைக் கொடுங்கள் என்பதே நான் சொல்ல வரும் முறை. அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கலாம், அவளால் விட்டுவர முடியாத கடமை இருக்கலாம், அவள் தவறாக நம்பும் ஒரு செய்தி இருக்கலாம். இவற்றுள் கடமைதான் என் அனுபவத்தில் அதிகம் பயன்படுவது, ஏனென்றால் அது அம்மாவைப் பலவீனப்படுத்தாமலேயே அவள் கைகளைக் கட்டுகிறது.

அந்த முதல் கதையையே நான் பல ஆண்டுகள் கழித்துத் திருத்தினேன். பழைய வடிவத்தில் கயல் என்ற சிறுமி, தாயில்லாதவள், இருட்டில் படகை எடுத்துக்கொண்டு போகிறாள். புதிய வடிவத்தில் அவள் அம்மா கலங்கரை விளக்கத்தின் காவலர். பழைய கலங்கரை விளக்கங்களில் விளக்கின் ஒளியைக் குவிக்கும் வில்லையை, அதாவது லென்ஸை, கடிகாரம் போன்ற ஒரு பொறி சுழற்றியது. தொங்கும் எடை மெல்ல மெல்லக் கீழிறங்க, மேலே வில்லை சுழலும். எடை அடியைத் தொடுவதற்குள் காவலர் கைப்பிடியைச் சுற்றி அதை மறுபடி மேலேற்ற வேண்டும், விடியும்வரை இதே வேலை. ஒவ்வொரு விளக்கத்துக்கும் தனக்கென்று ஓர் ஒளிவீச்சுக் கணக்கு உண்டு என்பதும், அந்தக் கணக்கை வைத்தே மாலுமிகள் அது எந்த விளக்கம் என்று அறிவார்கள் என்பதும் எனக்குக் கிடைத்த புதையல்கள். இரவில் விழிப்பதால் அம்மா பகலில் உறங்குவாள். பகல் முழுவதும் கயலுக்குச் சொந்தம். இரவிலோ அம்மா விழித்திருந்தும் இறங்கிவர இயலாது, வில்லை நின்றால் கடலில் இருக்கும் கப்பலுக்குக் கரை தெரியாமல் போய்விடும். படகு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் இடத்தை இப்படி எழுதினேன்:

“வெளிச்சம் பாறையின்மேல் விழுந்து விலகியது. கயல் எண்ணத் தொடங்கினாள். அம்மா மடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த அதே நிதானத்தில் எண்ணினாள். பத்து என்றபோது பாறை மறுபடி தெரிந்தது. பத்துக்குள் எத்தனை முறை துடுப்புப் போடலாம்? மூன்று. மேலே அம்மா கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருப்பாள். நிறுத்த மாட்டாள். நிறுத்தக் கூடாது.”

துடுப்புப் போடுவது கயல், வழி காட்டுவது அம்மாவின் வெளிச்சம், எண்ணக் கற்றுக்கொடுத்தது அம்மாவின் பழைய ஒரு மாலைப்பொழுது. அம்மா உயிரோடு இருப்பதால் குழந்தையின் துணிச்சலில் ஒரு துளியும் குறையவில்லை. தனக்காக ஒருத்தி மேலே தவித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அவளும் அறிந்திருப்பதால் ஆபத்தின் கனம் கூடித்தான் போயிற்று. இறந்துபோன அம்மாவைக் கொண்டு இந்தக் காட்சியை என்னால் எழுதியிருக்கவே முடியாது.

அடுத்ததாக, கதையில் உதவிக்கு வரும் பாத்திரத்தைச் சோதியுங்கள். அம்மா கதையை விட்டுப் போனாலும் அம்மாவின் வேலை போவதில்லை. யாராவது ஒருவர் அதைச் செய்தே ஆக வேண்டும். சிண்ட்ரெல்லாவை எடுத்துக்கொண்டால், பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் எழுதிய வடிவத்தில் ஒரு தேவதை ஆடை கொடுக்கிறாள். கிரிம் வடிவத்தில் தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரத்தடியில் நின்று கேட்டால் பறவை ஆடையைப் போடுகிறது. உங்கள் கதையில் சோறு போட்டு, காயத்துக்கு மருந்திட்டு, கடைசி நேரத்தில் அறிவுரை சொல்லும் ஒரு கிழவரோ பேசும் ஆமையோ இருந்தால், அந்த வேலைகளில் எதை அம்மாவிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று பாருங்கள். முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள், ஆமையும் பிழைக்க வேண்டுமே.

அம்மாவைப் பயணத்திலேயே சேர்த்துக்கொள்வதும் ஒரு வழி. பின்லாந்து எழுத்தாளர் தோவ யான்சன், மூமின் என்ற கற்பனை உயிர்களைப் பற்றி எழுதிய முதல் கதையில் (1945) தாயும் மகனும் சேர்ந்தே, காணாமற்போன தந்தையைத் தேடிப் போகிறார்கள். அந்தத் தாய்க்கு எல்லா வழியும் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் இதைச் சாத்தியமாக்குகிறது. தெரியாத இடத்தில் நிற்கும் அம்மா, குழந்தை வாசகருக்கு வியப்பூட்டும் பாத்திரம்.

உயிரோடு இருப்பது மட்டும் போதாது. அம்மா வரும் பக்கங்களை எடுத்துக்கொண்டு, அவளுக்குரிய வினைச்சொற்களை மட்டும் சிவப்பு மையால் கோடிடுங்கள். சமைத்தாள், அணைத்தாள், அதட்டினாள், அழுதாள் என்ற நான்குக்குள் எல்லாம் அடங்கிவிட்டால் அவள் இன்னும் கதைக்குள் வரவில்லை. மறந்தாள், பேரம் பேசினாள், பொய் சொன்னாள், பந்தயம் கட்டினாள், தோற்றாள் என்பவற்றில் ஒன்றையாவது நுழைத்துப் பாருங்கள். அவளுக்கு ஒரு பெயரும் இருக்க வேண்டும். குழந்தையின் வாயில் அவள் அம்மாதான் என்றாலும், வேறு யாராவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு காட்சியை எழுதினால், தன் அம்மா வேறொருவருக்கு வேறொருத்தி என்பதைக் குழந்தை முதன்முறையாகக் கண்டுகொள்ளும் கணம் தானாகவே கிடைக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு சங்கடமும் உண்டு. அப்பா வந்தார், அம்மா வந்தாள் என்று கை தானாக எழுதிவிடுகிறது. இந்தக் கட்டுரையிலும் அம்மாவுக்கு அந்த விகுதியைத்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ‘ஆள்’ விகுதியில் நெருக்கம் இருக்கிறது என்று வாதிடலாம், வாதத்தில் உண்மையும் உண்டு. ஆனால் அடுத்த வரியிலேயே அப்பாவுக்கு ‘ஆர்’ விகுதி வரும்போது, யார் மதிக்கத்தக்கவர் என்பதைக் குழந்தை இலக்கணத்திலிருந்தே கற்றுக்கொள்கிறது. இருவரும் வரும் கதையில் இருவருக்கும் ஒரே விகுதியைப் பயன்படுத்துங்கள். முதல் பக்கத்தில் சற்று உறுத்தும், மூன்றாம் பக்கத்தில் பழகிவிடும்.

அம்மாவின் இழப்பே கதையின் பொருளாக இருக்கும் கதைகளும் உண்டு, அவற்றை எழுதத்தான் வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகளில் ஒருவருக்கு உண்மையிலேயே தாய் இல்லாதிருக்கலாம் என்பதை நினைவில் வைத்து எழுதினால் பாதித் தவறுகள் நேராது. சிறு குழந்தைகளுக்கு எழுதும்போது ‘இறந்துவிட்டாள்’ என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். தூங்கிவிட்டாள் என்று எழுதினால் தூக்கத்தைக் கண்டு பயப்படும் குழந்தை உண்டு. ஊருக்குப் போய்விட்டாள் என்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் குழந்தையும் உண்டு. இறந்த அம்மாவைப் பிறகு மறந்துவிடாதீர்கள். ஸ்வீடன் எழுத்தாளர் லிண்ட்கிரனின் கதைநாயகி பிப்பி என்ற சிறுமிக்கு (1945) அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டாள். தாய் வானத்திலிருந்து சிறு துளை வழியாகத் தன்னைப் பார்ப்பதாக நம்பும் அவள், அவ்வப்போது மேலே கையசைத்து, கவலைப்படாதே, நான் சமாளித்துக்கொள்வேன் என்கிறாள். இழப்பு அந்தக் கையசைப்பில் தொடர்ந்து இருந்துகொண்டிருக்கிறது, கதையின் குதூகலமும் கெடவில்லை. மாற்றாந்தாயை எழுதுவதானால், அவளும் பழகத் தெரியாமல் தடுமாறும் ஒரு மனுஷியாக இருக்கட்டும்; கொடுமைக்காரியாக எழுத ஏற்கெனவே நிறையப் பேர் இருந்துவிட்டார்கள்.

கடைசியாகப் படங்கள். அமெரிக்க ஓவியர் மாரிஸ் சென்டாக் 1963இல் செய்த ‘Where the Wild Things Are’ என்ற படப்புத்தகத்தில் குறும்புக்காரச் சிறுவனின் அம்மாவுக்குப் படமே கிடையாது. ஆனால் அவன் தன் கற்பனைப் பயணத்திலிருந்து திரும்பி வரும்போது அவனுக்கான இரவு உணவு காத்திருக்கிறது, இன்னும் சூடாக. அது ஆசிரியரே ஓவியருமாக இருந்து தெரிந்து செய்த முடிவு. உங்கள் கதைக்கு வேறொருவர் படம் வரைவதானால், எதுவும் சொல்லாமல் விட்டால் அம்மா கதவோரத்தில் கவலையோடு நின்றுவிடுவாள். எனவே கைப்பிரதியோடு ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்கள். கயலின் கதைக்கு நான் அனுப்பிய குறிப்பு இது: “அம்மாவை முதுகுப்புறமிருந்து வரையுங்கள். இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்கட்டும். கண்ணாடிக்கு வெளியே, மிகக் கீழே, படகின் விளக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தால் போதும்.”