உள்ளே பார்க்க முடிகிற போர்டாக வாங்குங்கள்

திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளின் மின்சாதனங்களைத் திருத்துவது என் தொழில். மாலையில் உவர்மலையில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு எம்பெடட் புரோகிராமிங் (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிச் சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதுவது) சொல்லிக்கொடுக்கிறேன். "அண்ணா, எந்த போர்டு வாங்கலாம்?" என்று கேட்டு வருவார்கள், வேகம், மெமரி, விலை எல்லாம் ஒப்பிட்டு வைத்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது இடையில் நிறுத்தி உள்ளே பார்க்க அதில் வழி இருக்கிறதா?

ஆர்டுயினோ ஊனோ ஆர்3இல் இருப்பது ஏடிமெகா328பி சிப். 32 கேபி ஃபிளாஷ், 2 கேபி ராம். தொடங்குவதற்கு நல்ல போர்டு. ஆனால் யூஎஸ்பி வயரை மட்டும் செருகி பிரேக்பாயிண்ட் (புரோகிராம் நிற்க வேண்டிய இடம்) வைக்க முடியாது. தனிக் கருவி வாங்க வேண்டும், போர்டில் ஒரு இணைப்பையும் வெட்ட வேண்டும். அதனால் பிழை வந்தாலே சீரியல் வழியாகக் கணினித் திரையில் எதையாவது அச்சிட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிடுகிறது. இதைத் தொழிலாக நினைக்கிறவர் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

என் சிபாரிசு ராஸ்பெரி பை பிக்கோ. 2021இல் 4 டாலர் விலையில் வந்தது. ஆர்பி2040 சிப், இரண்டு கார்டெக்ஸ் எம்0+ கோர், 264 கேபி ராம். ஒன்று போதாது, சோடியாக வாங்குங்கள். இரண்டாவதில் டீபக்புரோப் என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றி, முதலாவதின் ஓரத்திலுள்ள எஸ்டபிள்யூடி என்ற மூன்று டீபக் பின்களோடு இணைத்தால் அதுவே டீபக்கர், அதாவது உள்ளே பார்க்கும் கருவி. கணினியில் ஓடும் ஓப்பன்ஓசிடி என்ற மென்பொருள் அதோடு பேசும், ஜிடிபி என்ற டீபக் மென்பொருள் அதன் வழியாகப் பேசும். கொழும்பிலிருந்து கூரியரில் சாமான் எடுக்கிற நமக்கு இன்னொரு லாபமும் உண்டு: ஒன்று எரிந்தாலும் வேலை நிற்காது. பின்களுக்கு 3.3 வோல்ட்தான், 5 வோல்ட் சென்சரை நேரே கொடுக்காதீர்கள்.

கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் எஸ்டிஎம்32 நியூக்ளியோ, உதாரணமாக எஃப்401ஆர்ஈ. எஸ்டி-லிங்க் டீபக்கர் போர்டிலேயே இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் புளூ பில் என்ற எஸ்டிஎம்32 போர்டை முதல் போர்டாக எடுக்காதீர்கள். பலவற்றில் அசல் சிப்புக்குப் பதில் நகல் இருக்கிறது, ஓப்பன்ஓசிடி அடையாள எண் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். புதிதாகக் கற்கிறவருக்குத் தன் கோட் பிழையா, சிப் பிழையா என்று தெரியாது. வைஃபை வேண்டுமென்றால் ஈஎஸ்பி32இல் எஸ்3 அல்லது சி3 எடுங்கள், யூஎஸ்பி வழியாக டீபக் செய்யும் ஜேடேக் வசதி சிப்புக்குள்ளேயே உண்டு. போர்டின் யூஎஸ்பி துளை அந்தப் பின்களுக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கருவிகள். மல்டிமீற்றரும், டேட்டா போகிற யூஎஸ்பி கேபிளும் (சார்ஜ் மட்டும் செய்கிற கேபிள் நிறைய உலாவுகிறது) கட்டாயம். அதற்கடுத்து, சென்சர்களுக்கு முன்பாகவே, லாஜிக் அனலைசர் (கம்பிகளில் போகும் சிக்னலைப் பதிந்து காட்டும் கருவி) வாங்குங்கள். 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கிற சின்னப் பெட்டி போதும். பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளில் ஓடும்.

அது என்ன செய்யும் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். நியூக்ளியோவில் டிஎஸ்3231 கடிகாரச் சிப்பை ஐ2சியில் (சிப்புகள் இரண்டு கம்பிகளில் பேசும் முறை) இணைக்கிறீர்கள். அதன் முகவரி ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) 68. கோடிலும் 68 என்றே எழுதியிருக்கிறீர்கள், பதில் வரவில்லை. அனலைசரின் கிரவுண்டை போர்டின் கிரவுண்டோடு சேர்த்து, எஸ்டிஏ, எஸ்சிஎல் கம்பிகளில் இரண்டு சேனலை மாட்டி, பல்ஸ்வியூவில் ஐ2சி டீகோடரைப் போடுங்கள். கம்பியில் போனது 34 என்று காட்டும், பின்னால் நாக், அதாவது யாரும் பதில் சொல்லவில்லை என்ற அடையாளம். நியூக்ளியோவைச் செய்கிற எஸ்டி கம்பெனியின் ஹால் லைப்ரரி முகவரியை ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்தித்தான் எதிர்பார்க்கிறது. 68ஐ அப்படியே கொடுத்ததால் பாதியாகிவிட்டது. ஹெக்ஸில் 68இன் இரட்டிப்பான டி0 என்று கொடுத்தால் வேலை செய்யும். கோடை எத்தனை தரம் வாசித்தாலும் இது கண்ணில் படாது, கம்பியைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். 34க்குப் பதில் சரியாக 68 போயும் நாக் வந்தால் வயரிங்கைப் பாருங்கள். இரண்டு கம்பியின் சிக்னலும் மேலே எழும்பாமலே கிடந்தால், அதை மேலே இழுத்துப் பிடிக்கிற புல்-அப் ரெசிஸ்டர் இல்லை.

கம்பியில் எல்லாம் சரி, ஆனால் ஒரு வேரியபிள் மட்டும் தானாக மாறுகிறது என்றால் அது டீபக்கரின் வேலை. ஜிடிபியில் வாட்ச் என்று எழுதி அந்தப் பெயரைக் கொடுங்கள். அதை மாற்றுகிற வரியிலேயே நின்றுவிடும். பெரும்பாலும் பக்கத்து அரே எல்லை தாண்டி எழுதியிருக்கும்.

மோட்டர் ஓடும்போது பிரேக்பாயிண்ட் வைப்பதில் கவனம் தேவை. சிபியூ நின்றாலும் டைமர் நிற்காமல் மோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கலாம், அதனால் முதலில் அதன் பவரைக் கழற்றுங்கள். படகு பேட்டரியின் 12 வோல்ட்டில் அந்தச் சின்ன அனலைசரை ஒருபோதும் தொடவிடாதீர்கள், அது 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

ஆஸிலோஸ்கோப் (மின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசில் நல்ல சோல்டரிங் அயனும், இறுக்கமான மூடியுள்ள பெட்டியும், சிலிக்கா ஜெல் பைகளும் வாங்குங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருக்கிறவர்கள் போர்டைத் திறந்து வைத்தால் கடற்காற்றில் பின்கள் கறுத்து, வயர் தொட்டும் தொடாமலும் நிற்கும். அந்தக் கோளாறைக் கோடில் தேடி மாலை முழுவதும் போய்விடும்.