உள்ளரங்கில் மக்னம் ரிவோல்வரைச் சுடும் முறை

கொழும்பில் கைத்துப்பாக்கி உரிமம் பெறுவது எளிதன்று. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆகவே நம்மில் பலருக்கு 44 மக்னம் எனும் அதிவலு ரவையைச் சுடும் ரிவோல்வர் (சுழல் கைத்துப்பாக்கி) கைக்கு வருவது பாங்கொக் போன்ற நகரங்களின் சுடுதளங்களுக்குச் செல்லும்போதுதான்.

மூடிய அறையில் வெடியோசை சுவர்களில் மோதித் திரும்புவதால், காதினுள் நுரைப்பஞ்சு அடைப்பானைப் பொருத்தி, அதன்மேல் காதுக்கவசத்தையும் அணிய வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

முதலில் வலுக்குறைந்த 44 ஸ்பெஷல் ரவையைக் கேளுங்கள்; மக்னம் ரிவோல்வரில் அதனைப் பாதுகாப்பாகச் சுடலாம், உதைப்பும் கணிசமாகக் குறையும். மக்னம் ரவைக்கு மாறும்போது உருளையில் ஒரேயொரு ரவையை மட்டும் இடுவதே நல்லது, ஏனெனில் பலத்த உதைப்பில் பிடி நழுவி, பதற்றத்தில் விரல் விசையை மறுபடியும் இழுத்துவிட்டால் இரண்டாவது குண்டு கூரையை நோக்கிப் பாயக்கூடும். இதை மிகையான எச்சரிக்கை என்று சிரிப்பவர்களுக்கு அருகில் நான் நிற்க மாட்டேன்.

பிடியை இயன்ற அளவு உயரத்தில் இரு கைகளாலும் இறுக்கி, முழங்கைகளைச் சற்றே மடக்கி, உடலை முன்னே சாய்த்து நில்லுங்கள். உதைப்பை எதிர்த்துப் போராடாமல், கைகள் மேலெழ இடங்கொடுங்கள். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியால் கொதிக்கும் வாயு பக்கவாட்டில் சீறுவதால், பெருவிரலை ஒருபோதும் அதனருகே நீட்டக்கூடாது.

ரவை வெடிக்காவிடில், குழல்வாயை இலக்கை நோக்கியே வைத்து முப்பது விநாடிகள் காத்திருங்கள். வெளியேறியதும், ஈயத்தூசு போகக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் குளிர்நீரில் கழுவிய பின்னரே எதையும் உண்ணுங்கள்.