வெளிநாட்டு விருந்தினர் வந்தால் சி ஃபார்ம்: செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு

கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ விடுதி நடத்துகிறவர்களுக்கு, வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவமான சி ஃபார்ம் பழகிய வேலை. கோலாலம்பூரிலிருந்து வரும் அண்ணன் மகளை ஒரு வாரம் வீட்டில் தங்க வைப்பவருக்கும் அதே கடமை உண்டு என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஓட்டல், விருந்தினர் இல்லம், தர்மசத்திரம், மருத்துவமனை, கல்லூரி விடுதி, தனி வீடு என்று எதுவாக இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் கொடுத்தாக வேண்டும். காசு வாங்கினீர்களா, சொந்தமா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை.

இது மத்திய அரசின் சட்டம். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் உள்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தங்க இடம் கொடுப்பவரின் கடமை அதன் 8-ஆம் பிரிவில் இருக்கிறது. திரையில் படிவத்தின் பெயரோ எண்ணோ வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். கேட்கும் விவரங்களும் 24 மணி நேரக் கெடுவும் பழையவைதான். மாவட்டத்தில் இதற்குப் பதிவு அதிகாரி, காவல் கண்காணிப்பாளர் (எஸ்.பி.). நடைமுறையில் எஸ்.பி. அலுவலகத்தில் உள்ள வெளிநாட்டினர் பதிவுப் பிரிவுதான் பார்க்கும்.

யாருக்குப் போட வேண்டும்

முதலில் கேட்க வேண்டியது, எங்கிருந்து வருகிறார் என்பதல்ல. கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்பது. சிங்கப்பூரில் இருபது வருஷமாக நிரந்தரவாசியாக இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்தியர்தான்; அவருக்கு சி ஃபார்ம் கிடையாது. அங்கேயே பிறந்து சிங்கப்பூர் பாஸ்போர்ட் வாங்கிய அவருடைய மகனுக்கு உண்டு. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களிடம்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஓ.சி.ஐ. என்பது ஆயுள் முழுவதற்குமான விசா போன்ற ஓர் உரிமை, இந்தியக் குடியுரிமை அல்ல. அவர்களுக்கும் போட வேண்டும்.

குழந்தைகளுக்குத் தனித்தனி பாஸ்போர்ட், ஆகவே தனித்தனி படிவம். ஆத்தங்குடியில் டைல்ஸ் பார்த்துவிட்டு உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டுப் போகும் கூட்டத்துக்குத் தேவையில்லை. இரவு பதினொரு மணிக்கு வந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் தங்கியது தங்கியதுதான். 24 மணி நேரம் அவர் வீட்டுக்குள் வந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது.

பதிவுக் கணக்கை முன்கூட்டியே வாங்குங்கள்

இந்தியன்எஃப்ஆர்ஆர்ஓ டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் சி ஃபார்ம் பகுதிக்குப் போய், தங்குமிடமாகப் பதிவு செய்ய வேண்டும். கட்டட வகை, முகவரி, அறைகளின் எண்ணிக்கை, உரிமையாளர் விவரம், கைபேசி, மின்னஞ்சல் எல்லாம் கேட்கும். வீட்டுக்காரர்கள் தனி வீடு என்ற வகையைத் தேர்ந்தெடுக்கலாம். விண்ணப்பித்த உடனே கணக்கு திறந்துவிடாது, எஸ்.பி. அலுவலகம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். விருந்தினர் விமானம் ஏறிய பிறகு விண்ணப்பித்தால் கெடு தாண்டிவிடும். கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ நாள் குறித்ததுமே இதைச் செய்து முடியுங்கள்.

இங்கே செட்டிநாட்டுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, மாவட்டம். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை எல்லாம் சிவகங்கை மாவட்டம். கடியாபட்டி, கோனாபட்டு, ராயவரம், அரிமளம் புதுக்கோட்டை மாவட்டம். கடைக்கும் வங்கிக்கும் காரைக்குடி போகிற பழக்கத்தில் கோனாபட்டுக்காரர் சிவகங்கையைத் தேர்ந்தெடுத்தால், விண்ணப்பம் வேறு எஸ்.பி. அலுவலகத்துக்குப் போய்க் கிடக்கும். வீட்டு வரி ரசீதில் எந்த மாவட்டம் இருக்கிறதோ அதைப் போடுங்கள்.

இரண்டு, பங்காளிகளின் பொது வீடு. வீட்டில் எட்டுப் புள்ளி, அதாவது பங்குள்ள எட்டுக் குடும்பம் இருக்கும்; எட்டுப் பேரும் சென்னையிலும் பெங்களூருவிலும் இருப்பார்கள்; சாவி வாட்ச்மேன் குடும்பத்திடம் இருக்கும். யார் பெயரில் கணக்கு என்பதைப் பங்காளிகள் பேசி முடிவு செய்யுங்கள். கைபேசி எண்ணைக் கொடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். ஓ.டி.பி. சென்னை அண்ணனுக்குப் போய், அவர் கூட்டத்தில் இருந்து, இங்கே படிவம் பாதியில் நிற்பது வழக்கமாக நடக்கிறது. விருந்தினர் வரும் நாட்களில் வீட்டில் உண்மையில் இருக்கப்போகிறவரின் எண்ணே சரி. கடவுச்சொல்லை ஒரே ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருப்பதும் ஆபத்து. இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கட்டும்.

வந்தவுடன் பத்து நிமிடம்

பானகமோ காபியோ கொடுத்து உட்கார வைத்த கையோடு பாஸ்போர்ட்டைக் கேட்டுவிடுங்கள். அறைக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்த பிறகு கேட்டால் மறுநாள் ஆகிவிடும். எடுக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், விசா அல்லது இ-விசாத் தாள் அல்லது ஓ.சி.ஐ. அட்டையின் இரு பக்கமும், விமான நிலையத்தில் குத்திய நுழைவு முத்திரை, விருந்தினரின் முகப்படம் ஒன்று. முற்றத்து வெயிலில் வைத்துப் படமெடுத்தால் பிளாஸ்டிக் ஏட்டில் ஒளி பட்டு எண்கள் வெளுத்துவிடும். கூரைக்குக் கீழே, பட்டாலை நிழலில் எடுங்கள். கூடவே ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதி வாங்க வேண்டியவை: சொந்த நாட்டு முகவரி, முந்தைய இரவு தங்கிய ஊர், அடுத்துப் போகும் ஊர், இந்தியாவில் பயன்படுத்தும் கைபேசி எண், எத்தனை நாள் தங்கல்.

படம் எடுத்ததும் பாஸ்போர்ட்டைக் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டுவது நல்லெண்ணமாகவே இருந்தாலும் கூடாது. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க விடுதிக்காரருக்கு அதிகாரம் இல்லை.

படிவத்தை நிரப்பும்போது

பாதித் தவறு பெயரிலும் தேதியிலும்தான் நடக்கிறது. இரண்டையும் சரிபார்க்கப் புகைப்படப் பக்கத்தின் அடியிலேயே ஒரு வழி இருக்கிறது: 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள்.

முதல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்துப் பெயர் வரும். << என்று இரட்டைக் குறி வரும் இடத்துக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பவை இடப்பட்ட பெயர்கள். நம் ஊருக்கு அதிகம் வரும் பிரெஞ்சுப் பயணிகளில், திருமணமான பெண்ணின் பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டுப் பெயரே முதன்மையாக இருக்கும். அறை முன்பதிவோ கணவர் பெயரில் இருக்கும். முன்பதிவைப் பார்த்துப் படிவம் போடாதீர்கள். மலேசியத் தமிழர் பாஸ்போர்ட்டில் சொந்தப் பெயரும் அப்பா பெயரும் ஒரே வரியில் ஓடும். அதில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. நாமாக ஒன்றைப் பிரித்து அந்தக் கட்டத்தில் நிரப்பக் கூடாது. உள்ளதை உள்ளபடி இடப்பட்ட பெயர் கட்டத்தில் போட்டால் போதும்.

இரண்டாவது வரி பாஸ்போர்ட் எண்ணில் தொடங்கும். முதல் ஒன்பது இடம் எண். பத்தாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், எண்ணோடு சேராது. அதையும் சேர்த்து அடிப்பவர்கள் நிறைய. பிறகு நாட்டுக் குறியீடு, அதை அடுத்துப் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். 850407 என்றால் 1985 ஏப்ரல் 7. அமெரிக்கர்கள் தாளில் 04/07 என்று எழுதிக் கொடுத்தால், அதை ஜூலை 4 என்று நாம் படித்துவிடும் அபாயம் இங்கே தீர்ந்துவிடும்.

ஓ எழுத்தா பூஜ்யமா என்ற சந்தேகம் அடிக்கடி வரும். ஜெர்மன் பாஸ்போர்ட் எண்ணில் உயிரெழுத்துகளே கிடையாது, ஆகவே வட்டமாக இருப்பது பூஜ்யம்தான். பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, ஐந்து இலக்கம் என்ற ஒழுங்கு இருக்கும்.

இந்தியாவுக்கு வந்த தேதி வேறு, உங்கள் வீட்டுக்கு வந்த தேதி வேறு. முன்னது திருச்சியிலோ மதுரையிலோ சென்னையிலோ குத்திய முத்திரையில் இருக்கும். நள்ளிரவு விமானத்தில் வந்தவர்கள் ஒரு நாள் தள்ளிச் சொல்வார்கள். வாய்மொழியை விட்டுவிட்டு முத்திரையை நம்புங்கள். இ-விசாக்காரர்களிடம் விண்ணப்ப எண், விசா எண் என இரண்டு இருக்கும். விசா எண் கட்டத்தில் விண்ணப்ப எண்ணை இடுவது பரவலான பிழை. ஓ.சி.ஐ. உள்ளவர்களுக்கு விசா வகையில் ஓ.சி.ஐ.யைத் தேர்ந்தெடுத்து அட்டை எண்ணைக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் சேமித்துவிட்டுப் போய்விடாதீர்கள். சேமித்தது உங்கள் கணக்கில் கிடக்கும். இறுதியாகச் சமர்ப்பித்தால்தான் பதிவு அதிகாரிக்குப் போகும். சமர்ப்பித்ததும் வரும் ஒப்புகையை பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். இணையதளம் இயங்காவிட்டால் நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து, விவரங்களோடு எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, தளம் சரியானதும் படிவத்தைப் போடுங்கள். அந்த மின்னஞ்சல்தான் நீங்கள் கெடுவுக்குள் முயன்றதற்குச் சாட்சி. விருந்தினர் கிளம்பியதும் புறப்பாட்டையும் அதே கணக்கில் பதிய வேண்டும். பலர் இதை விட்டுவிடுவதால், ஊர் போய்ச் சேர்ந்தவர் இன்னும் ராயவரத்திலேயே இருப்பதாகப் பதிவு காட்டும்.

விசா முடிந்திருந்தால்

பயந்து தேதியை மாற்றிப் போடாதீர்கள். படிவம் போடாமல் மறைக்கவும் வேண்டாம். இருப்பதை அப்படியே பதிந்து, எஸ்.பி. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அதிக நாள் தங்கியதற்குப் புதிய சட்டத்தின் 23-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தேன், விமானம் ரத்தானது போன்ற காரணம் உள்ளவர்கள் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதை விருந்தினருக்குக் காட்டுவது பெரிய உதவி. அவரை மிரட்டுவதோ, இரவோடு இரவாக வெளியே அனுப்புவதோ நம் வேலையல்ல.

இன்னொன்று, சாட்டிலைட் போன். மலையேறுகிற பயணிகள் சிலர் பையில் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் சின்னக் கருவி வைத்திருப்பார்கள். அவர்கள் நாட்டில் அது சாதாரணப் பொருள். இங்கே அனுமதியின்றி வைத்திருந்தால் வழக்காகும். முன்பதிவு உறுதி செய்யும் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நகல்களை என்ன செய்வது

தனிப்பிரிவு (ஸ்பெஷல் பிராஞ்ச்) காவலர் வந்து கேட்டால் பதிவேட்டையும் ஒப்புகையையும் காட்டுங்கள். பாஸ்போர்ட் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அலுவலக மின்னஞ்சல் முகவரி கேட்டு அதற்கு அனுப்புங்கள். வாட்ச்மேன் கைபேசியின் கேலரியில் நாற்பது பேர் பாஸ்போர்ட் கிடக்க விடக் கூடாது. கல்யாணக் கூட்டம் கலைந்ததும் படங்களைக் கடவுச்சொல் உள்ள ஒரே இடத்துக்கு மாற்றி, கைபேசியிலிருந்தும் அதன் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்துவிடுங்கள். காகிதப் பதிவேட்டில் பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து, ஒப்புகை எண் என்று ஆளுக்கு ஒரு வரி இருந்தால் எந்த விசாரணைக்கும் அதுவே கைகொடுக்கும்.