இம்ப்ரூவ், என்ஹான்ஸ், ரெக்டிஃபை: எந்த இடத்தில் எது?

தருமபுரியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஓசூர் கம்பெனிகளுக்கு அனுப்பும் பயோடேட்டா, கலெக்டர் ஆபீஸ் மனு, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். அவற்றில் ஸ்பெல்லிங் தப்பு இப்போது குறைவு, அதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒன்றை நல்லதாக்குவதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் இன்னமும் இடம் மாறித்தான் விழுகின்றன. நாம் எல்லாவற்றையும் "மேம்படுத்து" என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பதால் வரும் வினை இது.

இவற்றைப் பிரித்தறிய நான் வைத்திருக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். எது வினைச்சொல், எது பெயர்ச்சொல் என்பது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆரம்பத்தில் அது எந்த நிலையில் இருந்தது?

முதல் கேள்வி இதுதான். கெட்டுக் கிடந்ததா, சுமாராக இருந்ததா, ஏற்கனவே நன்றாக இருந்ததா?

ஏற்கனவே நன்றாக இருப்பதை இன்னும் தூக்கிக் காட்டினால் என்ஹான்ஸ். கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலையில் பழுத்த பெங்களூரா மாம்பழத்தின் மணத்தை என்ஹான்ஸ் செய்யலாம். அழுகின பழத்தை என்ஹான்ஸ் செய்ய முடியாது. அழகு, சுவை, மதிப்பு, நற்பெயர் போன்றவற்றோடுதான் இந்தச் சொல் ஒட்டும்.

இம்ப்ரூவ் எங்கேயும் போகும். மட்டமாக இருந்தாலும் சரி, சுமாராக இருந்தாலும் சரி. சந்தேகம் வந்தால் இதையே போடுங்கள், பெரும்பாலும் தப்பாகாது.

நிலைமையே மோசம், அதன் கடுமையைக் குறைக்கத்தான் முடியும் என்றால் மிட்டிகேட், அலீவியேட். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு மிட்டிகேட் என்பதை விளக்கவே வேண்டாம். நமக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவர 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் மிட்டிகேஷன் என்று இருக்கிறது. ஃபுளூரோசிஸ் என்பது தண்ணீரில் ஃபுளூரைடு அதிகமானால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் கேடு. மிட்டிகேஷன் தமிழில் பாதிப்புக் குறைப்பு. குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் அதைத் தாண்டும். சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பல்லில் ஏறின காவிக்கறை, பிறகு காவிரித் தண்ணீர் குடித்தாலும் போகாது. இனி வரும் பிள்ளைகளுக்குப் பாதிப்பு குறையும். அதனால்தான் அங்கே க்யூர் என்றோ இம்ப்ரூவ்மெண்ட் என்றோ எழுதவில்லை. பெயர் வைத்தவர் யாரோ, சொல் தெரிந்தவர்.

அலீவியேட் வலி, வறுமை, துன்பம் ஆகியவற்றோடு வரும். அமீலியரேட் என்று இன்னொன்று உண்டு. மோசமான நிலைமையைக் கொஞ்சம் தாங்கும்படி ஆக்குவது. மனுவில் அதை எழுதாதீர்கள். படிக்கிற அதிகாரிக்கும் அகராதி தேவைப்படும்.

படி 2: தானாக நடந்ததா, யாராவது செய்தார்களா?

கடைக்கு வருகிறவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

தமிழில் இது நமக்குப் பிறவியிலேயே தெரியும். பையன் திருந்தினான், வாத்தியார் திருத்தினார். விலை உயர்ந்தது, கடைக்காரர் உயர்த்தினார். தன்வினைக்கு ஒரு வடிவம், பிறவினைக்கு ஒரு வடிவம். மெல்லின எழுத்து வல்லினமானால் போதும், செய்தவர் யார் என்ற கேள்வி எழுந்துவிடும். ஆங்கிலத்தில் சொல்லின் உருவத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சில சொற்கள் இரண்டு வேலையும் பார்க்கும், சில ஒன்றை மட்டுமே பார்க்கும்.

இம்ப்ரூவ் இரண்டுக்கும் பொது. "ஹிஸ் ஹெல்த் இம்ப்ரூவ்டு" என்றால் உடம்பு தேறியது. "தி டாக்டர் இம்ப்ரூவ்டு தி ட்ரீட்மெண்ட்" என்றால் டாக்டர் சிகிச்சையை மேம்படுத்தினார். ரிஃபார்ம் அப்படியே: குடிகாரர் தானே திருந்தினாலும் ரிஃபார்ம், அரசு சட்டத்தைச் சீர்திருத்தினாலும் ரிஃபார்ம். மெண்ட் என்பதும் அப்படித்தான். உடைந்த எலும்பு தானாகக் கூடினாலும் மெண்ட், கிழிந்த சட்டையை நாம் தைத்தாலும் மெண்ட்.

என்ஹான்ஸ், ரெக்டிஃபை (பிழையை நேராக்குவது), ரெமெடி (குறையைப் போக்குவது), அலீவியேட் ஆகியவை பிறவினை மட்டுமே. "மை கம்யூனிகேஷன் என்ஹான்ஸ்டு" என்று எழுதினால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. எது என்ஹான்ஸ் செய்தது, எதை என்ஹான்ஸ் செய்தது என்று இரண்டும் வேண்டும். "தி ட்ரெய்னிங் என்ஹான்ஸ்டு மை கம்யூனிகேஷன்" சரி. அதேபோல "தி மிஸ்டேக் ரெக்டிஃபைடு" தவறு, "தி மிஸ்டேக் வாஸ் ரெக்டிஃபைடு" சரி. ஒரு "வாஸ்" போட்டதும் செயப்பாட்டு வினை ஆகிவிடுகிறது.

சோதிக்க நான் செய்வது இதுதான். எழுத வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். வாயில் "மேம்பட்டது, தேறியது, திருந்தியது" என்று வந்தால் இம்ப்ரூவ் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். "மேம்படுத்தியது, திருத்தினார்" என்று வந்தால் மட்டும் மற்ற சொற்களைத் தேடுங்கள்.

இன்னொரு சின்னக் கண்ணி: இம்ப்ரூவ் ஆன். "இம்ப்ரூவ் தி டிசைன்" என்றால் அதே டிசைனைச் சரிப்படுத்துவது. "இம்ப்ரூவ் ஆன் தி டிசைன்" என்றால் அதைவிடச் சிறந்த ஒன்றைக் கொண்டுவருவது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

படி 3: பக்கத்தில் எந்தப் பெயர்ச்சொல் வருகிறது?

ஆபீஸ், கோர்ட் சமாச்சாரம் என்றால் இங்கே நம் விருப்பத்துக்கு இடமில்லை. வழக்கத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

பத்திரத்தில் சர்வே நம்பர் மாறி விழுந்திருந்தால் போடுவது பிழைத்திருத்தல் பத்திரம், ஆங்கிலத்தில் ரெக்டிஃபிகேஷன் டீட். எழுதினவர் மனதில் இருந்தது ஒன்று, தாளில் விழுந்தது வேறு. அந்தக் கோணலை நேராக்குவது ரெக்டிஃபை. அமெண்ட் வேறு. முன்னே இருந்தது எழுத்துப்பிழையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கல்வி, வேலை இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று கோர்ட் சொன்ன பிறகு, 1951-இல் அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்தது. அரசியல் சட்டத்தில் யாரோ தப்பாக டைப் அடித்துவிட்டார்கள் என்பதற்காக வரவில்லை, புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதனால் அது அமெண்ட்மெண்ட். எமெண்ட் என்று ஒரு எழுத்து மாறி வந்தால், பழைய ஏட்டில் பாடம் திருத்துகிற புலவர் வேலை. உங்களுக்கு அது தேவைப்படாது.

என்ஹான்ஸ் பற்றிப் படி 1-இல் சொன்னதற்கு ஒரு விலக்கு இங்கே இருக்கிறது. சட்டத்தில் அது வெறும் "உயர்த்து" மட்டுமே. ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்குக் கூடுதல் இழப்பீடு கேட்டால் என்ஹான்ஸ்மெண்ட் ஆஃப் காம்பன்சேஷன். தண்டனையைக் கூட்டச் சொன்னாலும் என்ஹான்ஸ்மெண்ட்தான், ஜெயிலுக்குப் போகிறவருக்கு அதில் ஒரு நல்லதும் இல்லை. லத்தீனில் உயரம் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல் என்பதால் இந்தப் பழைய பொருள் அங்கே தங்கிவிட்டது.

இம்ப்ரூவ்மெண்ட்டுக்கும் நிலத்தோடு பழைய உறவு. நிலத்தை லாபம் தரும்படி ஆக்குவது என்பதுதான் அதன் பழைய பொருள்களில் ஒன்று. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 51-வது பிரிவில் இன்றும் அந்த வாசம் அடிக்கும். தனக்கே உரியது என்று நல்லெண்ணத்தில் நம்பி நிலத்தைச் செப்பனிட்டவர் பிறகு வெளியேற்றப்பட்டால், அந்த இம்ப்ரூவ்மெண்ட்டின் மதிப்பைக் கேட்க அதில் வழியிருக்கிறது.

பதவி, தரம், வகை ஏறினால் அப்கிரேட். 2019-இல் ஓசூர் நகராட்சி மாநகராட்சியானது அப்கிரேட். சாக்கடை ஓடுகிறதா இல்லையா என்பது வேறு விஷயம், அதற்கு இம்ப்ரூவ் வேண்டும்.

ஏரி மனு எழுதுகிறவர்களுக்கு: நீர்நிலைகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தின் பெயரிலேயே ரிப்பேர், ரெனொவேஷன், ரிஸ்டொரேஷன் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. உடைந்த மதகைச் சரிசெய்வது ரிப்பேர். பழையதாகிப்போன கரை, கலங்கல் எல்லாவற்றையும் புதுப்பிப்பது ரெனொவேஷன். தூர்ந்துபோன ஏரியை மறுபடி பழைய கொள்ளளவுக்குக் கொண்டுவருவது ரிஸ்டொரேஷன். மதகையே கழற்றிவிட்டுப் புதிது மாட்டினால் ரிப்ளேஸ்மெண்ட், எஸ்டிமேட்டும் வேறு.

படி 4: சரிபார்ப்பது

வேர்டில் சொல்லின்மேல் ரைட் கிளிக் செய்தால் வருகிற சினானிம்ஸ் பட்டியலை நம்பாதீர்கள். இத்தனை குழப்பத்துக்கும் பாதிக் காரணம் அதுதான். ஒரே கட்டாகக் கட்டி நீட்டும், எது எங்கே என்று சொல்லாது. என் கடையில் லாங்மேன் அகராதியின் இணையப் பதிப்புதான் எப்போதும் திறந்திருக்கும். காசு கிடையாது, ட்ரான்சிடிவ் ("எதை" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்), இன்ட்ரான்சிடிவ் (வேண்டாம்) என்று பக்கத்திலேயே குறித்திருக்கும், எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதற்கு உதாரண வாக்கியமும் இருக்கும். தமிழ் அர்த்தம் மட்டும் காட்டுகிற மொபைல் ஆப் இந்த வேலைக்கு ஆகாது, எல்லாவற்றுக்கும் மேம்படுத்து என்றே சொல்லும்.

பின்சேர்க்கை: சத்து சேர்த்த ரேஷன் அரிசியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். செறிவூட்டப்பட்ட அரிசிக்கு ஆங்கிலத்தில் ஃபோர்ட்டிஃபைடு. வெளியிலிருந்து இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்ப்பதால் அப்படி. உணவுத் துறையில் என்ரிச்டு என்றால் பெரும்பாலும் பதப்படுத்தும்போது போன சத்தைத் திரும்பச் சேர்ப்பது.

இன்னொரு பின்சேர்க்கை: "இங்கிலீஷை இம்ப்ரொவைஸ் பண்ணணும்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இம்ப்ரொவைஸ் என்பது கைவசம் இருப்பதை வைத்து அந்த நேரத்துக்கு ஒப்பேற்றுவது. மேடையில் பேச்சு மறந்துபோய் வாய்க்கு வந்ததைப் பேசினால் அது இம்ப்ரொவைஸ். இம்ப்ரூவுக்கும் அதற்கும் உறவே கிடையாது. பயோடேட்டாவில் அப்படி இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.